ஏறியது எது? இறங்கியது எது?
பங்கு மார்க்கெட்டைத் தொழில் வாரியாகப் பார்க்கும் முறை

மாலையில் வீடு திரும்பும் மின்சார ரயிலில் தினமும் காதில் விழும் பேச்சு: "இன்றைக்கு சென்செக்ஸ் 600 புள்ளி காலி!" மறுநாள், "இன்றைக்கு 400 புள்ளி ஏற்றம்!"

கேட்பவர்களில் பலர் ஷேர் வாங்காதவர்கள். ஆனாலும் அந்த எண் ஏறினால் நாடு நன்றாக இருக்கிறது என்றும், இறங்கினால் ஏதோ கெடுதல் வந்துவிட்டது என்றும் நினைக்கிறார்கள்.

அந்த ஒரு எண் முழுக் கதையையும் சொல்வதில்லை. வாஷி மார்க்கெட்டில் காய்கறி விலை ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால், "எது? வெங்காயமா, தக்காளியா?" என்றுதான் உடனே கேட்போம். பங்கு மார்க்கெட்டிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். ஏறியது வங்கியா, மருந்தா, மோட்டாரா, இரும்பா?

ஒரே நாளில் இரண்டு திசை

2024 ஜூன் 4 - நாடாளுமன்றத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்ட நாள். ஆளும் கட்சி தனி மெஜாரிட்டி பெறாது என்று தெரிந்ததும் மார்க்கெட் சரிந்தது. அன்று சென்செக்ஸ் 4,389 புள்ளி வீழ்ந்தது. சதவீதக் கணக்கில் இது 5.74.

மறுநாள் பத்திரிகைகளில் "ரத்தக் களறி" என்ற ரீதியில் தலைப்புகள் வந்தன. ஆனால் உள்ளே நடந்தது என்ன?

அரசு வங்கிகளின் குறியீட்டெண் 15 சதவீதம் வீழ்ந்தது. அதாவது 100 ரூபாய் ஒரே நாளில் 85 ரூபாய் ஆயிற்று. அதே நாளில் சோப்பு, பிஸ்கட், டூத் பேஸ்ட் போன்ற அன்றாட நுகர்பொருள் கம்பெனிகளின் குறியீட்டெண் இறங்கவே இல்லை; சுமார் 1 சதவீதம் ஏறியது.

காரணம் சிக்கலானதல்ல. அரசாங்கம் செலவு செய்யும், கொள்கை மாறாது என்ற நம்பிக்கையில் அரசுக் கம்பெனிகளின் பங்குகள் அதற்கு முன் வேகமாக ஏறியிருந்தன. நம்பிக்கை ஆட்டம் கண்டதும் அவைதான் முதலில் அடி வாங்கின. யார் ஆட்சிக்கு வந்தாலும் ஜனங்கள் சோப்பு வாங்காமல் இருக்கப் போவதில்லை. எனவே பயந்துபோன பணம் அந்தப் பக்கம் ஒதுங்கியது.

"மார்க்கெட் 5.74 சதவீதம் வீழ்ந்தது" என்ற ஒரு வரியில் இந்தக் கதை தெரியுமா? தொழில் வாரியாகப் பார்த்தால்தான் தெரியும்.

ஆலமரத்தடி முதல்

தலால் என்றால் தரகர். மும்பை கோட்டைப் பகுதியில் தரகர்கள் கூடிய தெருவுக்கு அதனால் தலால் ஸ்ட்ரீட் என்று பெயர் வந்தது. அதற்கு முன் அவர்கள் ஆலமரத்தடியில் நின்று வியாபாரம் செய்தார்கள். 1875ல் சங்கம் அமைத்தார்கள். அதுவே பம்பாய் பங்குச் சந்தை.

1995 வரை அங்கே கூச்சல் போட்டு, விரல் காட்டித்தான் வியாபாரம். அதன் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே தேசியப் பங்குச் சந்தையும் கம்ப்யூட்டர் மூலம் பங்கு வியாபாரத்தைத் தொடங்கிவிட்டது. அதன் 50 கம்பெனிகளைக் கொண்ட குறியீட்டெண்தான் நிப்டி.

சென்செக்ஸ் பிறந்தது 1986ல். 1978-79ஆம் ஆண்டின் விலையை 100 என்று வைத்து, 30 பெரிய கம்பெனிகளின் பங்குகளைக் கொண்டு கணக்கிட்டார்கள்.

அந்த முதல் 30 கம்பெனிகளின் பட்டியலை இன்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அதில் வங்கி ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர் மென்பொருள் கம்பெனி ஒன்றுகூட இல்லை. பாம்பே டையிங், செஞ்சுரி போன்ற துணி ஆலைக் கம்பெனிகள் இருந்தன. பியட் கார் தயாரித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், அம்பாசிடர் கார் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆகியவை இருந்தன.

இன்று நிலைமை தலைகீழ். மார்க்கெட்டின் போக்கைத் தீர்மானிப்பதில் வங்கிகளுக்கும் நிதிக் கம்பெனிகளுக்கும் தான் பெரிய பங்கு. செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ் கம்பெனி 2024ல் தன் பெயரையே ஆதித்ய பிர்லா ரியல் எஸ்டேட் என்று மாற்றிக்கொண்டது. துணி நெய்த கம்பெனி இன்று வீடு கட்டும் கம்பெனி.

1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தைப் பார்த்த மும்பைத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தொழிலே ஓய்ந்து, அதன் இடத்தில் வேறொரு தொழில் எழுவதை அவர்கள் பரேலிலும் வொர்லியிலும் கண்ணால் கண்டவர்கள். தொழில் வாரிக் கணக்கு என்பது அந்த மாற்றத்தை அன்றாடம் எண்களில் பார்ப்பதுதான்.

கணக்கு எப்படி?

மும்பை, தேசியச் சந்தைகள் இரண்டும் ஒவ்வொரு தொழிலுக்கும் தனிக் குறியீட்டெண் வெளியிடுகின்றன. வங்கி, ஐ.டி., மோட்டார், மருந்து, நுகர்பொருள், உலோகம், எண்ணெய், ரியல் எஸ்டேட் என்று தனித்தனியே உண்டு. பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் வியாபாரம் முடிந்ததும் அன்றைய ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். இரு சந்தைகளின் இணைய தளங்களிலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

இதில் எல்லாக் கம்பெனிக்கும் சம இடம் கிடையாது. பெரிய கம்பெனிக்குப் பெரிய இடம். கம்பெனியின் மொத்தப் பங்குகளில் பொதுமக்கள் வாங்கி விற்கக்கூடிய பங்குகளின் மதிப்பு எவ்வளவோ, அதற்கேற்ப எடை தரப்படுகிறது. முதலாளி குடும்பமோ அரசாங்கமோ கையில் வைத்திருக்கும் பங்குகள் இந்தக் கணக்கில் சேராது.

எடை என்ன செய்யும்? ஓர் உதாரணம் பார்ப்போம்.

மார்க்கெட் முழுவதையும் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் வங்கிகள் 40 ரூபாய், ஐ.டி. 15 ரூபாய், மற்றத் தொழில்கள் 45 ரூபாய். ஒரு நாள் வங்கிகள் 2 சதவீதம் இறங்குகின்றன; நஷ்டம் 80 காசு. ஐ.டி. 3 சதவீதம் ஏறுகிறது. லாபம் 45 காசு. மற்றவை அரை சதவீதம் ஏறுகின்றன. லாபம் இருபத்திரண்டரை காசு. கூட்டிக் கழித்தால் மொத்தத்தில் பன்னிரண்டரை காசு நஷ்டம்.

செய்தியில் "மார்க்கெட் சற்று சரிந்தது" என்று வரும். உண்மையில் அன்று வங்கியைத் தவிர எல்லாத் தொழிலும் ஏறியிருக்கிறது!

எந்தக் காற்றுக்கு எந்தக் கிளை ஆடும்?

ஒவ்வொரு தொழிலையும் ஆட்டிவைக்கும் காரணம் வேறு. அது தெரிந்தால் செய்தி படிப்பதிலேயே ஒரு தெளிவு பிறக்கும்.

வங்கி: ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வட்டி விகிதம் பற்றி முடிவு அறிவிக்கும். அன்று வங்கிப் பங்குகளைக் கவனியுங்கள். வட்டி குறைந்தால் வீடு, கார் கடன் வாங்குவோர் கூடுவார்கள். எனவே ரியல் எஸ்டேட், மோட்டார் பங்குகளும் கூடவே ஆடும்.

ஐ.டி.: இதன் வாடிக்கையாளர் பெரும்பாலும் அமெரிக்கர். சம்பாத்தியம் டாலரில், சம்பளச் செலவில் பெரும் பகுதி ரூபாயில். டாலர் விலை ஏறினால் லாபம் கூடும். அமெரிக்காவில் மந்தம் என்றால் அடி. 2025 செப்டம்பரில் எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்தது. அடுத்த வியாபார நாளான செப்டம்பர் 22 அன்று ஐ.டி. குறியீட்டெண் சுமார் 3 சதவீதம் இறங்கியது.

மருந்து: இங்கும் அமெரிக்க விற்பனை முக்கியம். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா இந்தியத் தொழிற்சாலைகளுக்கு வந்து சோதனை போடும். எச்சரிக்கைக் கடிதம் வந்தால் அந்தக் கம்பெனியின் பங்கு விழும். மற்றபடி, காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்காமல் யாரும் இருப்பதில்லை என்பதால், கெட்ட காலத்திலும் இந்தத் தொழில் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

மோட்டார்: மாதம் பிறந்ததும் முந்தைய மாதம் எத்தனை வண்டி விற்றது என்று கம்பெனிகள் அறிவிக்கும். டிராக்டர், மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு மழை முக்கியம்.

உலோகம்: சீனாவில் கட்டட வேலை நடக்கிறதா, லண்டன் சந்தையில் செம்பு, அலுமினியம் விலை என்ன என்பதைப் பொறுத்து ஆடும். இதில் ஏற்ற இறக்கம் வேகம்.

எண்ணெய்: இதில் ஒரு விசித்திரம் உண்டு. கச்சா எண்ணெய் விலை ஏறினால், பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி.க்கு லாபம். அதைச் சுத்திகரித்து பங்கில் பெட்ரோல் விற்கும் கம்பெனிகளுக்குக் கஷ்டம். ஒரே தொழில் என்று பெயர். உள்ளே எதிரும் புதிரும். ஆகவே தொழிலின் பெயரோடு நின்றுவிடாமல், கம்பெனி என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

செய்திக்கு முன்னே ஓடும் மார்க்கெட்

2025 ஆகஸ்ட் 15 சுதந்திர தின உரையில் பிரதமர், ஜி.எஸ்.டி. வரி குறையும் என்று அறிவித்தார். அடுத்த வியாபார நாள் ஆகஸ்ட் 18. அன்று ஒரே நாளில் மோட்டார் குறியீட்டெண் 4 சதவீதத்துக்கு மேல் ஏறியது.

சிறிய கார் மீதான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது செப்டம்பர் 22ல்தான். கார் வாங்கியவருக்கு அன்றுதான் லாபம். ஆனால் பங்கு விலை ஒரு மாதத்துக்கு முன்பே அதைக் கணக்கில் எடுத்துவிட்டது. வரி குறைந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, "இனி மோட்டார் ஷேர் ஏறும்" என்று வாங்கக் கிளம்பியவர் ஒரு மாதம் பிந்திவிட்டார்.

சுற்றும் சக்கரம்

இப்போது மூன்று ஆண்டுக் கணக்கு ஒன்றைப் பாருங்கள்.

2020 - கொரோனா ஆண்டு. நிப்டி சுமார் 15 சதவீதம் ஏற்றம். மருந்து சுமார் 60 சதவீதம், ஐ.டி. சுமார் 55 சதவீதம் ஏற்றம். அரசு வங்கிகள் சுமார் 30 சதவீதம் இறக்கம்.

2021 - நிப்டி சுமார் 24 சதவீதம் ஏற்றம். ஐ.டி. மறுபடியும் ஏறக்குறைய 60 சதவீதம் ஏற்றம்.

2022 - நிப்டி சுமார் 4 சதவீதம் மட்டுமே ஏற்றம். ஐ.டி. சுமார் 26 சதவீதம் இறக்கம். யாரும் சீந்தாமல் கிடந்த அரசு வங்கிகள் சுமார் 70 சதவீதம் ஏற்றம்!

இரண்டு ஆண்டு ஐ.டி. ஏறுவதை வேடிக்கை பார்த்துவிட்டு, 2022 தொடக்கத்தில் 100 ரூபாய் போட்டவருக்கு ஆண்டு முடிவில் 74 ரூபாய்தான் மிஞ்சியது. அந்த 74 மீண்டும் 100 ஆக வேண்டுமானால் 35 சதவீதம் ஏற வேண்டும். இறங்கியது 26 தானே, 26 ஏறினால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு.

நேற்று முதலிடத்தில் இருந்த தொழில் நாளையும் முதலிடத்தில் இருக்கும் என்று எண்ணக் கூடாது. இந்த மூன்று வரிகள் சொல்லும் பாடம் இதுவே.

புள்ளி வேண்டாம், சதவீதம் பாருங்கள்

1990 ஜூலையில் சென்செக்ஸ் முதன்முதலாக 1,000 புள்ளியைத் தொட்டது. அன்றைய நிலையில் 100 புள்ளி சரிந்தால் அது 10 சதவீதம், பெரும் வீழ்ச்சி. சென்செக்ஸ் 80,000ல் இருக்கும்போது 100 புள்ளி என்பது ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கு. அது ஒன்றுமே இல்லை.

பங்கு விலையும் அப்படியே. சென்னையின் எம்.ஆர்.எப். டயர் கம்பெனிப் பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அந்த விலையைத் தொட்ட முதல் பங்கு அது. அந்த விலையில் அது 1,000 ரூபாய் ஏறினால் ஒரு சதவீதம். 100 ரூபாய்ப் பங்கு ஒரு ரூபாய் ஏறினாலும் ஒரு சதவீதம். இரண்டும் ஒன்றே.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

கணக்கு எழுதிப் பழகிய குமாஸ்தாவுக்கு இது பெரிய வேலை அல்ல. 100 பக்க நோட்டு ஒன்று, தினமும் பத்து நிமிடம்.

முதல் கட்டத்தில் தேதி. அடுத்து நிப்டியின் ஏற்ற இறக்கம், சதவீதத்தில். பிறகு எட்டுத் தொழில்களுக்கு எட்டுக் கட்டம். கடைசியில் அகலமான ஒரு கட்டம். அதில் அன்றைய முக்கிய செய்தியை ஒரே வரியில் எழுதுங்கள்.

ஒவ்வொரு தொழிலின் எண்ணிலிருந்தும் நிப்டியின் எண்ணைக் கழியுங்கள். மார்க்கெட் 1 சதவீதம் இறங்கி, மருந்து அரை சதவீதம் ஏறினால், மருந்து ஒன்றரை சதவீதம் முன்னால் நிற்கிறது. மார்க்கெட் 2 சதவீதம் ஏறி, வங்கி 1 சதவீதம் ஏறினால், வங்கி ஏறியும் 1 சதவீதம் பின்தங்கிவிட்டது. இந்த மிச்சம்தான் அந்தத் தொழிலின் சொந்த பலம் அல்லது பலவீனம்.

அந்தத் தொழிலில் எத்தனை கம்பெனி ஏறியது, எத்தனை இறங்கியது என்றும் பாருங்கள். பத்தில் எட்டு ஏறினால் அது தொழிலின் ஏற்றம். ஒரே ஒரு பெரிய கம்பெனி ஏறி மற்றவை இறங்கியிருந்தால் அது அந்தக் கம்பெனியின் ஏற்றம் மட்டுமே.

ஒரு நாள் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் வாரக் கணக்கு, மாதக் கடைசியில் மாதக் கணக்கு என்று போடுங்கள். தினசரிச் சதவீதங்களைக் கூட்டி மாதக் கணக்கு எழுதக் கூடாது. மாதத் தொடக்கக் குறியீட்டெண்ணையும் முடிவையும் ஒப்பிட்டுத்தான் எழுத வேண்டும்.

மூன்று மாதம் எழுதினால் போதும். எந்தச் செய்திக்கு எந்தத் தொழில் ஆடுகிறது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

நமக்கு என்ன சம்பந்தம்?

"நான் ஷேரே வாங்கவில்லை, எனக்கு எதற்கு இது?" என்று கேட்கலாம்.

முதல் பதில்: உங்கள் பிராவிடெண்டு பண்டு. 2015 ஆகஸ்ட் முதல், பி.எப். நிறுவனம் புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியை, குறியீட்டெண்ணைப் பின்பற்றும் பண்டுகளில் போடத் தொடங்கியது. முதலில் 5 சதவீதம். பின்னர் 15 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மார்க்கெட் தினமும் ஆடுவதால் உங்கள் கணக்கு தினமும் ஆடாது. ஆண்டுக்கு ஒரு முறை அறிவிக்கும் வட்டிதான். ஆனாலும் தலால் ஸ்ட்ரீட்டுக்கும் தொழிலாளியின் சேமிப்புக்கும் தொடர்பே இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

இரண்டாவது பதில் இன்னும் முக்கியம். உங்கள் வேலையும் ஒரு தொழிலைச் சேர்ந்தது.

மோட்டார் உதிரி பாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர், தெரிந்த தொழில் என்று மோட்டார் பங்குகளையே வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கார் விற்பனை மந்தமானால் என்ன ஆகும்? ஓவர்டைம் நிற்கும். போனஸ் குறையும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலையே போகும். சேமிப்பை எடுக்கலாம் என்று பார்த்தால், அதே மாதத்தில் பங்கு விலையும் பாதியாகி நிற்கும். ஊரில் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அதற்காகக் காத்திருக்குமா?

சம்பளம் வரும் தொழிலில் சேமிப்பை முழுவதும் போடக் கூடாது. ஐ.டி. கம்பெனியில் மகன் வேலை பார்க்கும் குடும்பத்துக்கும் இதே விதிதான். தொழில் வாரிக் கணக்கு எழுதுபவர் முதலில் தம் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவனிப்பது வேறு, ஆடுவது வேறு

தினமும் கவனிப்பது நல்லது. தினமும் வாங்கி விற்பது கெடுதல்.

பங்கு மார்க்கெட்டைக் கட்டுப்படுத்தும் செபி, 2024ல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. அன்று வாங்கி அன்றே விற்கும் தனி நபர்களில் 2022-23ல் பத்துக்கு ஏழு பேருக்கு நஷ்டம். பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்பேர வியாபாரத்தில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். அவர்கள் இழந்த தொகை மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

"அண்ணாச்சி, இந்த ஷேர் நாளைக்கு நிச்சயம் ஏறும்" என்று சொல்பவர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் அவருக்கும் நாளையைத் தெரியாது. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் "தினமும் 5 சதவீதம் லாபம்" என்று ஆசை காட்டுவோர் மோசடிக்காரர்கள். பங்கு வியாபாரத்தில் உத்தரவாத லாபம் என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். புரோக்கர் செபியிடம் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். புகார் செய்ய செபியின் இலவச டெலிபோன் எண்: 1800 22 7575.

சீட்டுப் பணத்தை எடுத்து ஷேர் வாங்குவது, நகையை அடகு வைத்து வாங்குவது, ஊரில் நிலம் வாங்க வைத்த பணத்தைப் போடுவது ஆகிய எதுவும் கூடாது. ஆறு மாதச் செலவுக்கு வங்கியில் பணம் இருந்து, அதற்கு மேல் ஐந்தாண்டு தொடத் தேவையில்லாத பணம் இருந்தால், அதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஒரே தொழிலில் போடாமல், எல்லாத் தொழிலும் கலந்த பண்டு ஒன்றில் மாதம் ஒரு தொகை கட்டுவதே சம்பளக்காரருக்கு ஏற்றது.

நாளை மாலை ரயிலில் யாராவது "600 புள்ளி காலி" என்றால், எத்தனை சதவீதம், எந்தத் தொழில், என்ன காரணம் என்ற மூன்றையும் கேளுங்கள். சொன்னவருக்குப் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பதில் உங்கள் நோட்டில் இருக்கும்.